வலது கைக்கு விடுமுறை இல்லை

1

எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு தகப்பனுக்கு என்ன கிடைக்கும் என்பது இங்கே, சுவிற்சர்லாந்தில், எங்களுடைய ஆட்களிடையே ஏறக்குறையச் சட்டமாகவே இருக்கிறது: கம்பளிச் சட்டை, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பெயரில் எழுத்துப்பிழையோடு ஒரு கேக். என் மகள் அபிராமி ஒரு கடித உறையைத் தந்தாள். உள்ளே, ஒரு பாடநெறிக்கு என் பெயரைப் பதிவு செய்த துண்டு. இரண்டு சனிக்கிழமைகள். பாடம்: சுவரில் ஏறுகிறவருக்குக் கீழே நின்று கயிறு பிடிப்பது.

என் மனைவி சரோ துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கயிறு பிடிக்கவும் படிக்கவேணுமோ? பண்டத்தரிப்பிலை கிணத்துத் துலா மிதிச்ச சனத்துக்கு ஆர் சேர்ட்டிபிக்கற் குடுத்தது?"

"அம்மா, உங்கடை துலாவிலை தொங்கினது வாளி. இதிலை தொங்கப்போறது நான்," என்றாள் அபிராமி.

அவளுக்கு முப்பத்துநான்கு வயது. இங்கே பிறந்தவள். எங்கள் வீட்டிலிருந்து ட்ராமில் இருபது நிமிடத்தில் தனியாக இருக்கிறாள். தீபாவளிக்கும் என் பிறந்தநாளுக்கும் வருவாள். அதுவும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போவாள், இந்த நாட்டு ரயில் மாதிரி. அவளோடு சுவர் ஏறிக்கொண்டிருந்த சிநேகிதி வேறு நகரத்துக்கு வேலை மாறிப் போய்விட்டாள். கயிறு பிடிக்க ஆள் இல்லை.

"நீங்கள்தான் விதிமுறை எண்டால் விடமாட்டீங்களே அப்பா. எனக்கு அப்பிடி ஒரு ஆள்தான் வேணும்."

பதினாறு வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்பதற்கு நான் இடம் வைத்ததுமில்லை என்று சரோ சொல்லுவாள். அது வேறு விசாரணை. நான் உடனே ஓம் என்றேன். பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டை வாசித்தேன். விதிமுறைக்கு முரணாக நான் செய்த முதல் காரியம் அது.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலை என்று பெயரில் ஒன்று வைத்துக்கொண்டோம். போய்ப் பார்த்தால் கேணிக்குள் இறங்கத்தான் படி இருக்கிறது. ஆகவே உயரத்தில் ஏறுவதென்றால் எங்களுக்கு அதில் ஒரு காரியம் இருக்கவேண்டும்: தேங்காய், நுங்கு, ஓடு மாற்றுவது. இவர்களுக்கு நாடு முழுக்க மலை. அது போதாதென்று கட்டடத்துக்குள்ளேயும் பதினைந்து மீற்றரில் சுவர் கட்டி, அதில் நிறம் நிறமாகப் பிளாஸ்ரிக் குமிழ்களைப் பூட்டி, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். மேலே என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். ஒன்றும் இல்லை. தொட்டுவிட்டு இறங்குகிறார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். தென்மராட்சியில் ஒரு சிறிய புகையிரத நிலையத்தில் நிலைய அதிபராக இருந்தவன். நிலைமை கெட்டு வெளிக்கிட்டு வந்தபின் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். ஓய்வுபெறும்போது அதே சமையலறையின் சுகாதாரப் படிவங்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தேன். ஒரு நாட்டில் ரயிலும் ரயிலும் சந்திக்காமலும், இன்னொரு நாட்டில் பச்சைக் கோழியும் வெட்டிய தக்காளியும் சந்திக்காமலும் பார்த்துக்கொண்டதுதான் என் சேவை.

ஏறு மண்டபத்தின் வாசலில் மூன்று படிவம் தந்தார்கள். உடல்நலம் பற்றி ஒன்று, நான் செத்தால் யாரும் பொறுப்பில்லை என்று ஒன்று, செத்தாலும் பிழைத்தாலும் படம் எடுக்கச் சம்மதமா என்று ஒன்று. மனம் குளிர்ந்துவிட்டது. படிவம் இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும்.

பயிற்றுநர் உர்ஸ் என்ற பையன். முப்பது வயது இருக்கலாம், காலில் செருப்பில்லை. எடுத்த எடுப்பிலேயே என்னை 'நீ' என்றான். ஜேர்மன் மொழியில் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்' இருக்கிறது. அதைக் கற்கத்தான் இரவு வகுப்பில் எனக்கு மூன்று வருடம் போனது. ஆனால் மலை ஏறுகிறவர்கள் அந்த 'நீங்களை' அடிவாரத்தில் கழற்றி வைத்துவிடுவார்களாம். வழக்கமாம். நானோ அவனை 'நீங்கள்' என்றே கூப்பிட்டேன். இரண்டு நாள் முழுக்க அவன் என்னை 'நீ' என்றும் நான் அவனை 'நீங்கள்' என்றும் பேசிக்கொண்டதைப் பார்க்கிறவர்களுக்கு அவன் எங்கள் பரம்பரைக் குரு மாதிரி இருந்திருக்கும்.

3

கருவியின் பெயர் அரைத் தானியங்கி. உள்ளங்கையளவு உலோகப் பெட்டி. கீழே நிற்பவரின் இடுப்புப் பட்டியில் ஒரு திருகு வளையத்தால் மாட்டப்பட்டிருக்கும். கயிறு அதற்குள் நுழைந்து, ஒரு உருளும் பல்லைச் சுற்றி வெளியே வரும். மேலே இருப்பவர் விழுந்தால் கயிறு சுண்டும், பல் திரும்பும், கயிறு நெரிபட்டு நிற்கும்.

அப்படியென்றால் கீழே ஒரு மனிதர் எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள்தான் ஆபத்தானவர்கள் என்று உர்ஸ் சொன்னான். அந்தப் பெயரில் 'அரை' என்று இருப்பதில் மற்ற அரை நாங்கள்தானாம். கயிறு மெல்லியதாக இருந்தால், நனைந்திருந்தால், விழுகை மெதுவாக வந்தால், பல் திரும்பாமலும் போகலாம். அதற்காகக் கருவியிலிருந்து வெளியே வரும் கயிற்றை ஒரு கை எப்போதும் பிடித்திருக்கவேண்டும். அதுதான் பிரேக் கை. எனக்கு வலது. இடது கை கயிறு கொடுக்கலாம், வாங்கலாம், மூக்கைச் சொறியலாம். வலது கைக்கு அந்தக் கயிற்றைத் தவிர இந்த உலகத்தில் வேறு உறவே இல்லை.

மற்ற விதிகளையும் எழுதிக்கொண்டேன். கருவியில் ஏறுபவரின் படமும் ஒரு கையின் படமும் வெட்டியிருக்கும். கயிற்றை அந்தப் படத்தின்படி போடவேண்டும், மாறிப் போட்டால் பூட்டாது. போட்டபின் ஏறுபவரின் பக்கத்துக் கயிற்றைச் சுண்டிப் பார்த்தே நம்பவேண்டும். வேகமாகக் கயிறு கொடுக்கும்போது பெருவிரலால் பல்லைக் கொஞ்சம் அழுத்தலாம். ஆனால் மற்ற விரல்கள் கயிற்றை விடக்கூடாது, கருவியை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கவும் கூடாது. பொத்தினால் பல்லைத் திரும்ப விடாமல் தடுப்பது நாங்களே. இறக்கும்போது கருவியின் பக்கத்திலுள்ள நெம்புகோலை மெதுவாக இழுக்கவேண்டும். பயந்துபோய் முழுக்க இழுத்தால் ஆள் மாம்பழம் மாதிரி வருவார். கயிற்றின் கடைசி நுனியில் ஒரு முடிச்சு. அத்தனையும் அருமையான விதிகள்.

பரீட்சையில் ஒரு பிழையும் இல்லை. "நீ முன்னம் இது செய்திருக்கிறாயா?" என்று உர்ஸ் கேட்டான். விதிகளை எழுத்தில் தரமுடியுமா என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

4

புதன்கிழமை மாலை ஆறு மணி எங்களுடையதாயிற்று. ஏறமுதல் ஒருவரை ஒருவர் பரிசோதிக்கவேண்டும் என்பது விதி. அவளுடைய முடிச்சை நான் தொட்டுப் பார்ப்பேன். என்னுடைய கருவியையும் திருகு வளையத்தையும் இடுப்புப் பட்டியையும் அவள் இழுத்துப் பார்ப்பாள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு தகப்பனை மகள் சந்தேகித்து, தொட்டு, இழுத்துப் பார்த்து, "சரி" என்று சான்றிதழ் கொடுப்பதற்கு எங்கள் சைவ சமய பாடப் புத்தகத்தில் இடமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை.

இரண்டு ஏற்றங்களுக்கு நடுவில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டு கதைப்பாள். சாப்பாட்டு மேசையில் கதைக்காத பிள்ளை, இடுப்பில் பட்டி கட்டியவுடன் கதைக்கிறாள். வேலை பிடிக்கவில்லை என்றாள். வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்றும் ஒருநாள் சொன்னாள்.

"நான் சப்பாத்துக் கழட்டமுதல் அம்மா கலியாணக் கதையைத் துடங்கிவிடுவா. நீங்கள் பேப்பரை விரிச்சுக்கொண்டு பேசாமல் இருப்பீங்கள்."

"நான் ஒண்டும் சொல்லுறேல்லையே, பிள்ளை."

"அதைத்தான் அப்பா சொல்லுறன்."

சொல்லிவிட்டுச் சுவருக்குத் திரும்பிவிட்டாள். மேலே ஏறிக்கொண்டு ஜேர்மனில் "கயிறு!" என்று கூவினாள். கொடுத்தேன். அந்த வேலையில் மட்டும் நான் பேசாமல் இருப்பது குற்றமில்லை.

ஒன்பது புதன்கிழமைகள் இப்படிப் போயின.

5

பத்தாவது புதன்கிழமை மண்டபத்தின் மறுபக்கம் ஒரு பிறந்தநாள் விழா. பத்துப் பதினைந்து குழந்தைகள், பலூன்கள், நடுவே எங்களுடைய ஆட்கள் சிலர். நான் பார்க்கவில்லை. கழுத்தை அண்ணாந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், ஏறுகிறவர் கயிற்றை மாட்டிக்கொண்டு போகச் சுவரில் வரிசையாகப் பூட்டியிருக்கும் கொளுக்கிகளில் ஐந்தாவதையும் தாண்டி, ஆறாவதில் மாட்டுவதற்குக் கயிற்றை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அதாவது, கயிறு மிகவும் தளர்ந்திருக்கும் நேரம். விழக்கூடாத நேரம்.

பின்னால் ஒரு குரல் கேட்டது.

"டேய், நீ பொன்னம்பலத்தாற்றை இளையவன் எல்லோ?"

ஐம்பத்தைந்து வருடங்களாகக் கேட்காத குரல். திரும்பினேன். சிவக்கொழுந்து மாஸ்ரர். பண்டத்தரிப்பில் எனக்குக் கணிதம் படிப்பித்தவர். தொண்ணூறு வயது, கையில் தடி, தலையில் பூட்டப்பிள்ளையின் பிறந்தநாளுக்காக யாரோ வைத்துவிட்ட கூம்புத் தொப்பி.

அவர் வகுப்புக்குள் வந்தால் நாங்கள் எப்படி எழும்புவோம் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். எழும்புவது காலின் வேலை. கும்பிடுவது கையின் வேலை. மூளைக்கு அதில் வேலையே இல்லை. என் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே போய்ச் சேர்ந்துகொண்டன.

"வணக்கம் சேர்."

அபிராமியின் கால் வழுக்கியது அப்போதுதான்.

கருவி 'டக்' என்றது. நான் கும்பிட்ட கையோடு தரையைவிட்டு ஒரு மீற்றர் மேலே எழும்பிப் போய்ச் சுவரில் முட்டினேன். நாயன்மார்களில் சிலருக்குத்தான் இப்படி வாய்த்திருக்கிறது. மகள் என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் கீழே பார்த்தாள். சேர்ந்திருந்த என் கைகளைப் பார்த்தாள். கருவிக்குக் கீழே யாருமே பிடிக்காமல் தொங்கிய கயிற்றையும் பார்த்தாள்.

மாஸ்ரரும் அண்ணாந்து பார்த்தார்.

"உவள் ஆரடா? ஏன் உதிலை தொங்கிறாள்?"

"என்ரை மகள், சேர்."

"நல்ல பிள்ளை வளர்த்திருக்கிறாய். இறக்கடா அவளை!"

வலது கையால் கயிற்றைப் பிடித்து, நெம்புகோலை இழுத்து, விதிப்படி மெதுவாக இறக்கினேன். அவள் தரையில் நின்றாள். மாஸ்ரருக்கு அழகாக வணக்கம் சொன்னாள். பிறகு இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். நாங்கள் வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"அது பூட்டிச்சுது தானே, பிள்ளை. கருவி வேலை செய்தது," என்றேன்.

"ஓம் அப்பா. கருவி பிடிச்சது. நீங்கள் பிடிக்கேல்லை."

6

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. வேலை என்று செய்தி அனுப்பினாள். அதற்கடுத்த புதனும் வேலை. வேலை பிடிக்காத ஒருத்திக்கு இவ்வளவு வேலை இருப்பதைக் கண்டு வியந்தேன்.

"ஒரு கும்பிடு போட்டதுக்கு இவ்வளவு கோவமோ? மாஸ்ரரைக் கண்டு கும்பிடாமல் மரம் மாதிரி நிக்கிறதோ மனிசன்?" என்று சரோ எனக்காக வாதாடினாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் என் பக்கம் பேசிய ஒரே வழக்கு. அதிலும் நான் குற்றவாளி.

எனக்கு எதிரான சாட்சி நானேதான். என் நிலையத்துக்குப் பக்கத்து ரயில் கடவையில் மாணிக்கம் என்று ஒரு கேற்காரர் இருந்தார். ஒருநாள் கேற்றைப் பாதி சாத்திக்கொண்டிருந்தபோது கோயில் ஐயர் சைக்கிளில் வந்திருக்கிறார். மாணிக்கம் கேற்றை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டு நின்றார். பாதி திறந்த கேற்றைக் கண்டு சாரதி ரயிலை நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை.

மாணிக்கத்தைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லைத் தானே, ஐயா. பெரியவர் வரேக்கை என்னெண்டு ஐயா கையைக் கேற்றிலை வைச்சுக்கொண்டு நிக்கிறது?"

நான் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். விபத்து நிகழவில்லை என்பது ஊழியரின் திறமையைக் காட்டவில்லை, அவருடைய அதிர்ஷ்டத்தையே காட்டுகிறது என்று ஒரு வசனம் அதில் இருந்தது. அதை எழுதியபோது எனக்கு முப்பது வயது. வசனத்தை நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். மாணிக்கத்தை வெகுதூரத்துக்கு மாற்றினார்கள். அவருடைய மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

மூன்றாவது புதன்கிழமை தனியாக மண்டபத்துக்குப் போனேன். அங்கே 'விபத்தாகாத சம்பவம்' என்று ஒரு படிவம் இருக்கிறது. யாரும் கேட்காமல் அதை எடுத்து நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் மூன்று பெட்டிகள்: கருவி, கயிறு, ஆள். மூன்றாவதில் புள்ளடி போட்டேன். விளக்கம் என்ற இடத்தில், "மேலே இருந்தவர் என் மகள். நான் கயிற்றை விட்டுவிட்டு என் ஆசிரியரைக் கும்பிட்டேன். கருவி பூட்டியது என் திறமை அல்ல" என்று எழுதினேன்.

உர்ஸ் வாசித்தான். சிரிக்கவில்லை.

"கும்பிடுவது தவறில்லை. கையால் கும்பிடுவதுதான் தவறு. வேறு எதால் முடியும்?"

"தலையால்."

"அப்படியென்றால் பழகு. யாராவது உன்னிடம் வரவேண்டும், நீ விடாமல் இருக்கவேண்டும். நூறு தரம்."

7

பயிற்சி எங்கள் வரவேற்பறையில் நடந்தது. ஜன்னல் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, இடுப்புப் பட்டியும் கருவியும் மாட்டி, நான் ஜன்னலைப் பார்த்து நிற்பேன். எதிர்பாராத நேரத்தில் என்னை மரியாதைக்கு உட்படுத்தவேண்டியது சரோவின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவள் அளவுக்கு மீறி ரசித்தாள். தேத்தண்ணீர் நீட்டினாள். தொலைபேசியை நீட்டி, "கொழும்பிலை இருந்து உங்கடை அண்ணை" என்று பொய் சொன்னாள். முதல் நாள் ஏழு தரம் கயிற்றை விட்டேன். இரண்டாம் நாள் மூன்று.

வெள்ளிக்கிழமை பூசை முடித்து விபூதித் தட்டோடு வந்தாள். என் இடது கை தட்டை நோக்கிப் போனது.

"ஐயோ! விபூதியை இடக்கையாலை வாங்கிறியளோ!"

"வலக்கை வேலையிலை நிக்குது."

"சாமிக்கு மேலையோ அந்த வேலை?"

"ஓம்."

நான் தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினேன். பூசிவிட்டாள். வலது கை கயிற்றிலேயே இருந்தது. இந்தக் கூத்தையெல்லாம் அவள் அலுமாரிக்கு மேலே கைத்தொலைபேசியைச் சாத்தி வைத்துப் படம் பிடித்திருக்கிறாள் என்பதும், அபிராமிக்கு அனுப்பிவிட்டாள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். என் சம்மதப் படிவம் பெறப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. "நாளைக்கு ஆறு மணி."

மண்டபத்தில் அவள் அந்தப் படம் பற்றிக் கதைக்கவில்லை. முடிச்சைப் போட்டாள். நான் தொட்டுப் பார்த்தேன். என் கருவியைச் சுண்டினாள், திருகை முறுக்கிப் பார்த்தாள், பட்டியை இழுத்தாள். வழக்கமாக ஒருதரம் இழுப்பாள். அன்று இரண்டுதரம்.

"அப்பா, இண்டைக்கு நான் விழுவன்."

"எந்த இடத்திலை?"

"சொல்லமாட்டன்."

"எப்ப எண்டாவது சொல்லலாமே."

"சொன்னால் அது பரீட்சை. நீங்கள் பரீட்சையிலை எப்பவும் பாஸ் தானே."

ஏறினாள். மூன்றாவது கொளுக்கி. நான்காவது. பக்கத்தில் யாரோ விழுந்து யாரோ கூவினார்கள். பின்னால் ஒரு குழந்தை அழுதது. யாரோ ஒருவர் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, கழிவறை எங்கே என்று என்னிடம் மட்டும் கேட்டார். இவ்வளவு பெரிய மண்டபத்தில் விபரம் தெரிந்த முகம் எனக்குத்தான். நான் திரும்பவில்லை. தெரியாது என்று சுவருக்குச் சொன்னேன். ஐந்தாவது. ஆறாவது. கழுத்து நொந்தது. உச்சிக்குக் கிட்டப் போய்விட்டாள். மனதை மாற்றிக்கொண்டாளாக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவள் இரண்டு கைகளையும் சுவரிலிருந்து எடுத்தாள். வழுக்கவில்லை. எடுத்தாள்.

கயிறு சுண்டியது. நான் எழும்பினேன். சுவரில் காலை ஊன்றித் தொங்கினேன். அவள் எனக்கு மேலே நின்று, ஆடி, மெல்ல ஆட்டம் நின்று, கீழே பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தாள். விரல்கள் கயிற்றைச் சுற்றி வெள்ளையாக இறுகிக் கிடந்தன. நிறைய நேரம் எடுத்துப் பார்த்தாள். இப்படி நேரமெடுத்துப் பரிசோதிக்கிற ஊழியர்கள் எனக்கு என் சேவைக் காலத்தில் கிடைத்ததில்லை.

"இறக்கட்டோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"வேண்டாம். இன்னும் முடியேல்லை," என்றவள் சுவரைத் திரும்பப் பிடித்தாள். "கயிறு தாங்கோ அப்பா. மேலை போறன்."